பித்துக்கும் தெளிவுக்கும் நடுவே

காணி உறுதியொன்றின் பிரதியைப் பெறுதற்காகச் சென்ற ஆண்டிலே ஒரு நாட்காலை கல்முனை நீதிமன்ற வளவுக்குச் சென்றிருந்தேன். சிறைச்சாலை வண்டி வந்து நின்றது. விலங்கிட்ட இளைஞர் சிலர் இறங்கினர். அவர்களுள் ஒருவன் என்னைக் கண்டதும், பாடசாலை முற்றத்திலே கண்டால் எப்படிச் சிரிப்பானோ அப்படியே முகம் மலரச் சிரித்தான். விலங்கு பூட்டிய கையையும் உயர்த்தினான். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் என் வகுப்பின் கடைசி வாங்கிலே இருந்தவன். சிறிது நேரத்தில் அவனுடைய உம்மா என்னிடம் வந்தார்.

"சேர், நம்மட மகனுக்குப் புத்தி மட்டு எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. அதக் கோட்டுல ஒருக்காச் சொன்னா விடமாட்டாங்களா?"

"ராத்தா, அதச் சட்டத்தரணிக்கிட்டதான் கேக்கணும்" என்று கூறிவிட்டு நான் நகர்ந்தேன். அது நழுவல் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

அவனுக்குப் பதினாறு வயதாயிருந்தபோது பத்து வயதுப் பிள்ளையின் கணக்குத்தான் வரும். மதிலில் ஏறு என்று மற்றவர்கள் சொன்னால் ஏறுவான். அகப்பட்டால் அடியையும் அவனே வாங்குவான். யார் ஏறச்சொன்னது என்று கேட்டால் சிரிப்பான். மிளகாய்த்தூள் என்று சொல்லி ஒரு பொதியைக் கொடுத்தாலும் கொண்டுபோவான். வேறு தூள் என்று சொல்லிக் கொடுத்தாலும் கொண்டுபோவான். இப்போது கொண்டுபோனது இரண்டாவது வகை. கூலி, ஒரு சாப்பாட்டுப் பார்சலும் கைத்தொலைபேசிக்கு நூறு ரூபாவும். பொதியிலே இருந்த தூளில் எவ்வளவு ஹெரொயின் என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கைதான் கூறவேண்டும். இரண்டு கிராமை எட்டிவிட்டால், 1984ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி அதற்குரிய தண்டனை மரணம் அல்லது ஆயுட்சிறை.

நான் சட்டம் பயின்றவனல்லேன், தமிழ் பயின்றவன். ஆயினும் அந்தத் தாயின் கேள்வி எளிதாக ஒதுக்கிவிடக்கூடியதன்று. அதற்கு விடை தேடிப் பல மாதங்கள் படித்தேன். படிக்கப் படிக்க, அது ஒரு தாயின் கேள்வியாக மட்டும் நில்லாது, நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நமது தண்டனைச் சட்டத்திலே நிரப்பப்படாதிருக்கும் ஒரு வெற்றிடத்தின் வரலாறாக விரிந்தது.

நமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். அதன் 77ஆம் பிரிவு, ஒருவர் செயலைச் செய்த வேளையிலே சித்தசுவாதீனமின்மை காரணமாகத் தமது செயலின் தன்மையை அறிய இயலாதவராகவோ, அது தவறென்றோ சட்டத்துக்கு மாறானதென்றோ அறிய இயலாதவராகவோ இருந்தால், அச்செயல் குற்றமாகாது என்கிறது. இதிலே உயிரான சொல் 'அறிதல்' என்பதே. அறிந்தாயா, அறியவில்லையா? அறியவில்லையெனில் நீ பித்தன். உனக்குக் குற்றமே இல்லை. அறிந்திருந்தால் நீ முழு மனிதன். முழுத் தண்டனையும் உனக்கு உண்டு. இரண்டுக்கும் நடுவிலே ஆளில்லை. அறிந்தும் தன்னை அடக்கமாட்டாதவன், அறிந்தும் அதன் விளைவை எடைபோடத் தெரியாதவன், பிறர் சொல்லுக்கு ஆடும் பாவை போன்றவன் என்போரெல்லாம் இச்சட்டத்தின் கண்ணுக்குத் தெளிந்த சித்தமுடையோரே.

இப்பிரிவு இங்கே பிறந்ததன்று. 1837இலே மெக்காலேயின் தலைமையில் வரையப்பட்டு, 1860இலே நிறைவேறி, 1862 முதல் இந்தியாவிலே நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவின் மறுபதிப்பே அது. அதற்கும் முன்னே இலண்டனில் நிகழ்ந்த ஒரு கொலை இருக்கிறது. 1843 சனவரியிலே, கிளாஸ்கோ நகரத்து மரக்கடைசல் தொழிலாளியான டானியல் மக்னாட்டன் என்பவன், பிரதமர் றொபேட் பீலின் செயலாளரான எட்வேட் டிரமொண்டைச் சுட்டான். பீல் என்று எண்ணியே சுட்டான் என்பர். ஆளுங்கட்சியார் தன்னை எங்கும் பின்தொடர்ந்து துன்புறுத்துகின்றனர் என்பது அவனுடைய பித்து. யூரிமார் அவனைக் குற்றவாளியல்லன் என்றனர். அரண்மனையும் பிரபுக்களும் பதறினர். பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்துக் கேள்விகள் கேட்டது. அவர்கள் கூறிய விடைகளே மக்னாட்டன் விதிகளாயின. அந்த விதிகளைக்கொண்டு அளந்திருந்தால் மக்னாட்டனே தப்பியிருப்பானா என்பது ஐயத்துக்குரியது. தான் ஒருவரைச் சுடுகிறேன் என்பது அவனுக்குத் தெரிந்தேயிருந்தது.

ஆக, ஆளுங்கூட்டத்தின் அச்சத்திலே பிறந்த விதி அது. குடியேற்ற நாடுகளுக்கு வந்தபோது அவ்வச்சம் இருமடங்காயிற்று. வெள்ளைக்கார நீதிபதிக்குத் தன் முன்னே நிற்கும் விவசாயியின் மொழி தெரியாது; அவன் மனத்தின் உள்மடிப்புகள் எவ்வாறு தெரியும்? அறிந்தானா, இல்லையா என்ற இரண்டு கட்டங்களே நிருவாகத்துக்கு வசதியானவை. இலங்கையிலே அதுகாறும் குற்றங்களுக்கு உரோம ஒல்லாந்தச் சட்டம் வழங்கிற்று. 1883க்குப் பின் மெக்காலேயின் கோவை அதன் இடத்தைப் பிடித்தது. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களுக்கு, அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கு, 1871இலேயே இதே கோவை சென்றுவிட்டது. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் தமிழ்க் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் சென்ற வழியிலேயே இச்சட்டமும் சென்றது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அங்கே பின்னர் அச்சட்டத்துக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு மீண்டும் வருவேன்.

நமது கீழ்க்கரை முஸ்லிம் ஊர்களிலே ஒருவர் கேட்கலாம்: இந்த நடுநிலை மனிதனை நமது மரபு அறிந்திருந்ததா? நன்றாகவே அறிந்திருந்தது. உறங்குபவர், பருவமெய்தாச் சிறுவர், சித்தம் பேதலித்தவர் ஆகிய மூவரின் செயலும் கணக்கில் எழுதப்படுவதில்லை என்ற நபிமொழிக் கருத்தை மதரசாவிலே ஓதும் பிள்ளைகளும் அறிவர். இதற்கு அப்பாலும் ஹனபி சட்ட அறிஞர்கள் ஒரு படி சென்றனர். முற்றும் பித்துக்கொண்டவனை 'மஜ்னூன்' என்றும், விளக்கம் குன்றிப் பேச்சும் செயலும் ஒழுங்குபடாதவனை 'மஃதூஹ்' என்றும் பிரித்தனர். பின்னவனை, ஓரளவு நன்மை தீமை உணரத் தொடங்கிய சிறுவனுக்கு நிகராக வைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே உஸ்மானியப் பேரரசு தொகுத்த 'மஜல்லா' என்னும் குடியியற் சட்டத்திலும் இவ்வகுப்பு இடம்பெற்றுள்ளது. என் மாணவனைக் கண்டிருந்தால், எந்தக் கட்டத்திலே அவனை இருத்துவது என்பதில் அந்தப் பழைய அறிஞர்களுக்குத் தடுமாற்றம் இருந்திராது. ஆனால் பிரித்தானியர் இங்கே முஸ்லிம்களுக்கென 1806இலே தொகுத்த சட்டம் விவாகத்தையும் மரபுரிமையையும் மட்டுமே தொட்டது. குற்றமும் தண்டனையும் அரசாங்கத்தின் கையிலேயே இருந்தன.

மரபிலே ஒரு வகுப்பு இருப்பதாற் பயனென்ன, ஏழையிடம் அதை நிலைநாட்ட வழி இல்லாவிட்டால்? மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கின் கதையை நமது வீடுகளிலே அறியாதார் இல்லை. 2005இலே வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியா சென்ற சில வாரங்களிலே, அவளிடம் ஒப்படைக்கப்பட்ட கைக்குழந்தை இறந்தது. பிறப்புச் சான்றிதழின்படி அப்போது அவளுக்கு வயது பதினேழு. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டே அவளைக் கடைசிவரை தொடர்ந்தது. 2007இலே மரணதண்டனை விதிக்கப்பட்டு, 2013 சனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. சிறுவரின் செயல் ஏட்டில் ஏறாது என்று போதிக்கும் மார்க்கத்தின் பெயரால் நடைபெறும் நீதிமன்றத்திலே, அவள் சிறுமிதான் என்பதை அவளுடைய வறுமையால் நிலைநாட்ட இயலவில்லை. இந்தச் சான்றுப் பிரச்சினையை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி, இலங்கை நீதிமன்றங்களிலே 77ஆம் பிரிவு எவ்வாறு வாழ்ந்தது என்பதைப் பார்ப்போம். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, விதிவிலக்குக் கோருபவனே அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது. பித்தனே தான் பித்தன் என்பதை நிரூபிக்க வேண்டும்! நிரூபித்தாலும் வீட்டுக்குச் செல்ல இயலாது. ஆள்பதியின் விருப்பம் உள்ளவரை காவல் என்பதே பழைய ஏற்பாடு. 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் மனநோயாளரை அடைத்துவைக்கும் முறையை வகுத்தது. 1920களிலே அங்கொடையில் பெரிய மருத்துவமனை எழுந்தது. அந்த ஊரின் பெயரே தமிழிலும் சிங்களத்திலும் ஏளனச் சொல்லாகிவிட்டது. தமது பிள்ளையை 'அங்கொடைக்கு' அனுப்புவதைவிடச் சிறைக்கு அனுப்புவதே மேல் என்று எண்ணும் பெற்றோரை நான் இன்றும் காண்கிறேன். சிறைக்காவது ஒரு முடிவுத் திகதி உண்டல்லவா?

இக்காலத்தின் மனச்சாட்சியை ஒரு நாவலிலே காணலாம். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையிலே உதவி அரசாங்க அதிபராக இருந்து, நீதவான் கதிரையிலும் அமர்ந்த லெனார்ட் வூல்ஃப், 1913இலே 'காட்டிலுள்ள கிராமம்' என்ற நாவலை வெளியிட்டார். அதன் நாயகன் சிலிந்து ஒரு வேட்டைக்காரன். அவனை ஊரார் அரைப்பைத்தியம் என்பர். காட்டு விலங்குகளின் போக்கை அறிந்தவன். மனிதரின் சூழ்ச்சியை அறியாதவன். ஊர்த்தலைவனும் வட்டிக்காரனும் கூடி அவனுடைய குடும்பத்தைச் சிறிது சிறிதாக அழிக்கின்றனர். ஈற்றிலே அவன் அவ்விருவரையும் சுட்டுக்கொன்றுவிட்டுத் தானே சென்று சரணடைகிறான். தான் செய்ததை அறிவான். ஆகவே 77ஆம் பிரிவு அவனுக்கில்லை. மரணதண்டனை விதிக்கப்படுகிறது, பின்னர் மேலிடத்துக் கருணையால் நீண்ட சிறைவாசமாகக் குறைக்கப்படுகிறது. சட்டத்தின் வெற்றிடத்தை நிரப்புவது கருணை என்பதை வூல்ஃப் தம் உத்தியோக அனுபவத்தாலேயே உணர்ந்து எழுதியிருக்கவேண்டும். கருணை உரிமையன்று. கேட்டுப் பெறுவது, கிடைக்காமலும் போவது.

சட்டம் நடுநிலை மனிதனை முற்றாக மறந்துவிட்டது என்று கூறினும் அது முழு உண்மையாகாது. 294ஆம் பிரிவின் முதலாம் விதிவிலக்கு, கடுமையானதும் திடீரெனவானதுமான ஆத்திரமூட்டலால் தன்னடக்கம் இழந்து கொன்றவனைக் கொலைக்குற்றத்தினின்று இறக்கி, ஒரு படி குறைந்த குற்றத்துக்கு உள்ளாக்குகிறது. 1952இலே இலங்கையிலிருந்து சென்ற பெரேரா வழக்கிலே இலண்டன் கோமறைக் கழகம், கொல்லும் எண்ணம் இருந்ததென்பதால் மட்டும் இவ்விதிவிலக்கு அடைபடாது என்று தீர்த்தது. இதன் பொருளைச் சற்றே ஆராய்க. அறிந்தும், எண்ணியும் கொன்றவன்கூடக் குறைந்த பழிக்குரியவனாக இருக்கலாம் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் அவ்வுடைவு வெளியிலிருந்து வரவேண்டும், திடீரென வரவேண்டும். மானம் புண்பட்ட ஆண்மகனின் ஒரு கணத்து வெறிக்கு இடமுண்டு. பிறவியிலேயே குன்றிய அறிவுக்கோ, பத்தாண்டு அடியுதையில் நொந்து நைந்த பெண்மனத்துக்கோ இடமில்லை. யாருடைய உணர்ச்சியைச் சட்டம் மதித்தது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இந்த அடைப்பைத் தமிழகத்திலே ஒரு நீதிமன்றம் உடைக்க முயன்றது. கணவனின் கொடுமை தாளாது தன் பிள்ளைகளோடு கிணற்றிலே குதித்து, பிள்ளைகள் இறக்கத் தான் மட்டும் பிழைத்துக்கொண்ட ஒரு பெண்ணின் வழக்கு 1989இலே சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. கீழ்நீதிமன்றம் கொலை என்று தீர்த்திருந்தது. திடீரென எதுவும் நிகழவில்லை. ஆண்டுக்கணக்கான கொடுமையே நிகழ்ந்தது. மெக்காலேயின் விதிவிலக்குகளில் எதுவும் பொருந்தவில்லை. அந்நிலையிலே நீதிபதிகள் ஒரு புதிய பெயரை நாடினர். அதை அவர்கள் ஆங்கில உளநூலிலிருந்து எடுக்கவில்லை. சந்தையிலே மலிவுப் பதிப்பாக விற்கப்பட்ட நல்லதங்காள் கதையிலிருந்து எடுத்தனர். பஞ்சகாலத்தில் அண்ணன் வீடு நாடி வந்து, அண்ணியால் விரட்டப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் பாழ்கிணற்றிலே தள்ளித் தானும் வீழ்ந்த நல்லதங்காளை அறியாத தமிழர் உண்டா? அத்தகைய நீடித்த ஆத்திரமூட்டலும் குற்றத்தைக் குறைக்கும் என்று கூறி, கொலைக்குற்றத்தைக் கொலையாகாத உயிர்ப்பறிப்பாக அந்நீதிமன்றம் மாற்றியது. தமிழ் நாட்டார் கதையொன்று சட்டத்தின் சொல்லாக மாறியது பெருமைக்குரியதுதான். ஆனால் நீதிபதிகளின் துணிவைச் சார்ந்த வழி அது, எழுதப்பட்ட சட்டமன்று. 2024 யூலை முதல் இந்தியாவிலே நடைமுறையிலுள்ள புதிய சட்டமாகிய பாரதிய நியாய சங்கிதையும், 84ஆம் பிரிவின் இடத்தில் 22ஆம் பிரிவு என்று எண்ணை மாற்றி, அதே பழைய இரண்டு கட்டங்களையே வைத்திருக்கிறது.

நடுநிலை மனிதனுக்கு முதன்முதலாகச் சட்டத்திலே ஓர் இருக்கை இட்டது ஸ்கொத்லாந்து. 1867இலே, மதுவாலும் நோயாலும் சிதைந்த மனத்தோடு தன் மனைவியைக் குத்திக்கொன்ற டிங்வால் என்பவனின் வழக்கிலே, மனத்தின் நலிவு கொலையைக் குறைந்த குற்றமாக்கலாம் என்று நீதிபதி டீஸ் பிரபு யூரிமாருக்கு எடுத்துரைத்தார். இதுவே குறைவுபட்ட பொறுப்பு என்னும் கோட்பாட்டின் தொடக்கம். இங்கிலாந்து இதைத் தன் எல்லைக்குள் விடத் தொண்ணூறு ஆண்டுகள் மறுத்தது. இடையிலே டெரிக் பெண்ட்லி தூக்கிலிடப்பட்டான். அவனுக்கு வயது பத்தொன்பது, மனவயது பதினொன்று. காக்கைவலிப்பு உடையவன்; எழுத்தறியான். காவலரைச் சுட்டவன் அவனல்லன், பதினாறே வயதான அவனுடைய கூட்டாளி. சுட்டவனைத் தூக்கிலிட வயது போதவில்லை. சுடாதவனை 1953 சனவரி 28ஆம் திகதி தூக்கிலிட்டனர். நாடு கொதித்தது. 1957இன் மனிதக்கொலைச் சட்டம், மனக்கோளாறு ஒருவரின் பொறுப்பைக் கணிசமாகக் குறைத்திருந்தால் அது கொலையாகாது என்று ஈற்றில் எழுதியது. பெண்ட்லியின் குற்றத்தீர்ப்பு 1998இலே இரத்தாயிற்று. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து!

1957இலே இங்கிலாந்து கதவைத் திறந்தபோது இலங்கை ஏன் பின்தொடரவில்லை? மெக்காலேயின் கோவையை எடுத்துக்கொண்ட கை, அதன் தாயகத்தின் திருத்தத்தை ஏன் எடுக்கவில்லை? அந்த ஆண்டுகளிலே இங்கே வேறொரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. 1958இலே பண்டாரநாயக்க அரசாங்கம் மரணதண்டனையையே இடைநிறுத்தியது. அதன் பயனை ஆராய, அவுஸ்திரேலியச் சட்டப் பேராசிரியர் நோர்வல் மொறிஸின் தலைமையில் ஆணைக்குழு ஒன்றும் அமர்ந்தது. கயிறே இல்லையெனில் கயிற்றுக்கு யார் பொறுப்பு, யார் அல்லர் என்ற நுண்ணிய பிரிவுக்கு அவசரமில்லை. ஆனால் 1959 செத்தெம்பர் 25ஆம் திகதி பிரதமர் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். அவ்வாண்டு முடியுமுன்னரே கயிறு திரும்ப வந்தது. முன்செய்த கொலைக்கும் செல்லுபடியாகும் வகையிலே வந்தது. (அவசரத்தில் எழுதிய அச்சட்டத்திலே சதிக்குற்றத்தைக் குறிப்பிட மறந்தனர். அதனால், சுட்ட சோமராம 1962இலே தூக்கிலிடப்பட, சதிசெய்தோர் இருவர் ஆயுட்சிறையோடு தப்பினர். இதுவும் சட்டத்தின் ஒரு விளையாட்டு.) அந்தக் கொதிப்பிலே, தண்டனையைச் செம்மைப்படுத்தும் பேச்சே அடங்கிப்போயிற்று. 1976 யூன் மாதத்துக்குப் பின் இந்நாட்டிலே எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் தண்டனை விதிக்கப்பட்டுக்கொண்டே வருகிறது. 2019இலே, போதைப்பொருள் கைதிகள் நால்வரின் மரண ஆணையில் அன்றைய சனாதிபதி கையொப்பமிட்டார் என்றும், உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது என்றும் நாம் அறிவோம். ஒரு கையொப்பத்துக்கும் ஓர் இடைக்காலத் தடைக்கும் நடுவே தொங்குவதுதான் நமது கருணை.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். மெக்காலேயின் அதே கோவையை வைத்திருந்த சிங்கப்பூர், 1961இலே கொலைபற்றிய பிரிவுக்கு ஏழாவது விதிவிலக்கொன்றைச் சேர்த்தது: குறைவுபட்ட பொறுப்பு. ஒரே தாயின் பிள்ளைகளில் ஒன்று செய்ததை மற்றொன்றும் செய்திருக்கலாம் என்பதற்கு இதுவே சான்று. நான்கைந்து வரிகள்; அவ்வளவுதான். பின்னர் சிங்கப்பூர் பதினைந்து கிராமுக்கு மேற்பட்ட ஹெரொயினைக் கடத்துவோருக்குக் கட்டாய மரணதண்டனை விதித்தது. 2013 முதல், பொதியைக் காவிச்சென்றவர் மட்டுமே என்பதும், மனக்கோளாறு பொறுப்பைக் கணிசமாகக் குறைத்தது என்பதும் நிரூபிக்கப்பட்டால் ஆயுட்சிறை என்று தளர்த்தியது.

அந்தத் தளர்வின் வாயிலிலே நின்றவர் நாகேந்திரன் தர்மலிங்கம், மலேசியத் தமிழர். 2009 ஏப்ரலிலே, இருபத்தொரு வயதிலே, 42.72 கிராம் ஹெரொயினைத் தொடையிலே கட்டிக்கொண்டு சிங்கப்பூரின் எல்லைச் சாவடியிலே பிடிபட்டார். 2010இலே மரணதண்டனை. அவர் மரணதண்டனைக் கைதியான பின்னரே அவருடைய அறிவு அளக்கப்பட்டது. நுண்ணறிவு ஈவு 69. கவனச்சிதைவு நோயும் உண்டு என்றனர். அரசுத் தரப்பு உளமருத்துவர்கூட, அவருடைய அறிவுக்குறை ஆபத்தை மதிப்பிடும் ஆற்றலைப் பாதித்திருக்கலாம் என்ற அளவுக்கு ஒப்பினார். ஆயினும் நீதிமன்றங்கள் 2017இலும் 2019இலும் அதை ஏற்கவில்லை. பொதியை மறைக்கத் தெரிந்தது. சாவடியிலே பொய்சொல்லித் தப்ப முயலத் தெரிந்தது. எனவே தாம் செய்வதை அவர் அறிவார் என்றன. பாருங்கள், 1843இன் 'அறிதல்' புதிய வாயிலின் காவற்காரனாக மீண்டும் வந்து நிற்கிறது! 2022 ஏப்ரல் 26ஆம் திகதி அவருடைய தாயின் கடைசி மனுவும் தள்ளப்பட்டது. நீதிமன்றத்திலே குடும்பத்தவரின் கையைப் பற்றிக்கொள்ள அவர் அனுமதி கேட்டார். மறுநாள் விடியலிலே தூக்கிலிடப்பட்டார்.

இவ்வழக்கின் செய்திகளைப் படித்தபோது என்னைத் தைத்தது தீர்ப்பைவிட வேறொன்று. அந்த 69 என்ற எண் ஏன் சிறையிலேதான் கண்டுபிடிக்கப்பட வேண்டும்? அவரும் ஒரு பள்ளிக்கூடத்து வாங்கிலே அமர்ந்திருப்பார் அல்லவா?

சட்டத்திலே ஒரு புதிய விதிவிலக்கு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைச் சேர்க்கப் பாராளுமன்றத்துக்கு ஒரு நாள் போதும். குற்றப்பொறுப்புக்கான வயதை எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்த 135 ஆண்டுகள் சென்றன. 2018இலேதான் அது நடந்தது. ஆனாலும் நடந்தது. வயது குறைந்தவனுக்கு இரங்கிய சட்டம் மனவயது குறைந்தவனுக்கும் இரங்கலாம். அவ்வாறு எழுதினாலும் 105ஆம் பிரிவு அப்படியே இருக்கும். சான்று எங்கே என்று கேட்கும். வசதியுள்ளவனின் பிள்ளைக்குச் சிறுவயதிலிருந்தே கொழும்பு உளமருத்துவரின் கோவை இருக்கும். எங்கள் கரையிலே? 2004 திசம்பர் 26ஆம் திகதி கடல் இந்த மாவட்டத்திலே 10,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன பிறகே, மனநோய்க்கு மருத்துவம் உண்டு என்ற பேச்சு மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் தெருவுக்கு வந்தது. அதற்கு முன் இருந்தது பார்வை பார்ப்பதும் நூல் கட்டுவதுமே. புத்தி மட்டான பிள்ளைக்கு இன்றும் பெரும்பாலும் அதுவே. அவன் வளர்ந்து ஒரு நாள் விலங்கோடு நிற்கும்போது, பத்தாண்டு பழைய மருத்துவச் சான்று எங்கிருந்து வரும்?

சில வாரங்களின் பின் அந்தத் தாய் என் வீட்டுக்கே வந்தார். சட்டத்தரணி பாடசாலையிலிருந்து ஏதும் எழுத்து இருந்தால் கொண்டுவரச் சொன்னாராம். கையிலே பொலித்தீன் உறையிலிட்டு ஒரு தாளைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். அவனுடைய மாணவர் விடுகைப் பத்திரம்.

வகுப்பாசிரியனென்ற முறையிலே அதற்கான குறிப்பை எழுதிக்கொடுத்தவன் நான். கல்வி: திருப்தி. நடத்தை: மிக நன்று. அமைதியான மாணவர், கீழ்ப்படிவுள்ளவர். அந்த ஆண்டு முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரே இருப்பிலே அவ்வாறு எழுதினேன். யாருடைய வாழ்விலும் கரிபூசக்கூடாது என்ற நல்லெண்ணமே அன்றைய காரணம். அரசுத் தரப்பு அதைக் கையிலெடுத்தால், அவன் தெளிந்த சித்தமுடையவன் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படாது.

"கீழ்ப்படிவுள்ளவர் எண்டு நல்லாத்தானே எழுதியிருக்கீங்க சேர்" என்றார் அவர்.

அன்றிரவு அவனுடைய பழைய அப்பியாசக் கொப்பிகள் ஏதும் வீட்டிலே எஞ்சியுள்ளனவா என்று கேட்டு ஆளனுப்பினேன். இரண்டு கிடைத்தன. பத்தாம் வகுப்பிலே அவன் எழுதிய எழுத்துகளும், ஒற்றைத்தான எண்களைக் கூட்டிப் பிழைத்த கணக்குகளும், பக்கத்துக்குப் பக்கம் என்னுடைய சிவப்பு மையின் சரி அடையாளமும் அவற்றிலே இருந்தன. அவற்றோடு நான்கு பக்கத்தில் ஒரு கடிதமும் எழுதி, விடுகைப் பத்திரத்திலே நான் எழுதியது உண்மையன்று என்பதையும் அதிலே குறிப்பிட்டுச் சட்டத்தரணியிடம் சேர்ப்பித்தேன். பகுப்பாய்வாளரின் அறிக்கை இன்னும் வரவில்லை. வழக்கு அடுத்த மாதத்துக்குத் தவணையிடப்பட்டிருக்கிறது.